மோட்டார் இழுக்காது, காற்றுதான் தள்ளும்!

இளநீரை ஸ்ட்ரா போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சிவிடுவோம். அதே ஸ்ட்ராவை ஜவ்வரிசிப் பாயசத்தில் வைத்துப் பாருங்கள், கன்னம் ஒட்டிப்போகும்! கெட்டியான சரக்கை ஏற்றும் பம்பின் பாடும் இதுதான்.

பம்ப் எதையும் இழுப்பதில்லை. உள்ளே அழுத்தம் குறையும்போது வெளிக்காற்றுதான் திரவத்தை மேலே தள்ளுகிறது. தண்ணீரைக்கூடக் காற்றால் சுமார் 10 மீட்டர்தான் தள்ள முடியும். நடைமுறையில் 6, 7 மீட்டர். மோகனூர் போன்ற சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸ் என்றால், குழாயில் உராய்வதிலேயே அந்தப் பலம் கரைந்துவிடும். பம்புக்குள் ஜல்லி கொட்டுவதுபோல் சத்தம் வந்தால், குமிழிகள் உடைந்து இம்பெல்லரை அரிக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

உடனே 5 ஹெச்.பி.யைக் கழற்றிவிட்டு 7.5 வாங்க ஓடாதீர்கள். வேகம் கூடினால் உராய்வும் கூடும்; காசுதான் வீண். பம்பைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். சக்‌ஷன் பைப் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும். மொலாசஸை இதமாகச் சூடாக்கினால் இளகும். சேகோ ஆலைக்காரர்கள் மாவுப்பாலில் இதைச் செய்துவிடாதீர்கள், கஞ்சியாகிவிடும்! அப்படியும் ஏறாத கெட்டிச் சரக்குக்கு கியர் பம்ப்தான் சரி.