மூன்று வாரப் பிரயாணம்

பதுளைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த புதல்வி சர்வகலாசாலையில் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த லயத்திலிருந்து அங்கே சென்ற முதற் பெண். வெளிநாட்டில் மூன்று வாரக் கோடைகாலப் படிப்பு என்று முகவர் ஒருவரின் அறிவித்தல் அவள் கைக்குக் கிடைத்திருக்கிறது. கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம் யாவும் சேர்த்து நான்கு இலட்சம் ரூபாய். "தாலிக்கொடி நீங்கலாக உள்ள நகைகளை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம். ஆனால் மூன்று வாரத்தில் ஒரு பிள்ளை என்னதான் படித்துவிட முடியும்?" என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது: "என் தாயார் இதற்குச் சம்மதிக்கவில்லை. அவருடைய தங்கை இதே தோட்டத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர்; திரும்பி வரவில்லை."

முதலிற் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் நான்கு இலட்சம் என்பது ஏறக்குறைய 296 நாள் முழுப்பேர். அதாவது அந்தத் தாயார் அநேகமாக ஓராண்டு முழுவதும் கொழுந்தெடுத்து, உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால் வரும் தொகை. இதை எழுதிப் பார்த்தபின் "அடகு வையுங்கள்" என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

ஆனால், "போக வேண்டாம்" என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

மாணாக்கரைக் கூட்டமாகக் கடல் கடந்து அனுப்பிப் படிப்பிக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டில் முறையாகத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில் டெலவேர் சர்வகலாசாலையின் எட்டு மாணாக்கர், ஓர் ஆசிரியருடன் பிரான்ஸுக்குக் கப்பலேறினர். நம் பதுளைக்குக் கோச்சி வந்து சேர்ந்ததே அதற்கு அடுத்த ஆண்டில்தான்! அந்த எட்டுப் பேரும் ஓராண்டு தங்கிப் படித்தனர். பின்னாளில் காலம் சுருங்கிற்று. 1947இல் ஒஸ்லோ சர்வகலாசாலை தொடங்கிய கோடைப் பள்ளி ஆறு வாரம். இப்பொழுதோ மூன்று வாரம், இரண்டு வாரம் என்று வந்துவிட்டது. காலம் சுருங்கியபோது படிப்பும் சுருங்கியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்க மாணாக்கர் கோடை விடுமுறையில் மதுரைக்கு வந்து தமிழ் படிக்கின்றனர். இரண்டு மாதமளவில் காலை முதல் மாலை வரை அதே வேலையாக இருந்தும், கடைத்தெருவில் தட்டுத் தடுமாறாமல் பேசும் அளவுக்குத் தேறுவதே பெரிது. மூன்று வாரத்தில் ஒரு பாடத்தைக் கற்றுத் தேர்வது நடவாத காரியம்.

ஆகையால், பணம் கேட்கும் அறிவித்தல் எதைக் கண்டாலும் மகள் தன் பீடத்துக்குச் சென்று ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்கட்டும்: இந்தப் படிப்பின் புள்ளிகளை நம் சர்வகலாசாலை ஏற்றுக்கொள்ளுமா? ஏற்காது என்றால் கிடைப்பது ஓர் அச்சிட்ட காகிதம். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். கேட்க வேண்டிய இன்னொன்று நாட்காட்டியைப் பற்றியது. மேல்நாட்டாரின் கோடை விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம்முடைய விடுமுறையோ எப்போது வரும் என்று சோதிடராலும் சொல்ல முடியாது. பிரயாணத்துக்கு இடையிற் பரீட்சை வந்து, அதை அடுத்த ஆண்டில் எழுத நேர்ந்தால் நான்கு இலட்சத்துடன் ஓராண்டும் போயிற்று.

தெரிவு செய்து, செலவையும் ஏற்று அழைத்துச் செல்லும் ஏற்பாடுகள் வேறு வகை. இந்திய வம்சாவளி இளைஞருக்கென்று இந்திய அரசாங்கம் 2003ஆம் ஆண்டளவில் தொடங்கிய 'இந்தியாவை அறிவோம்' என்னும் திட்டம் அவற்றுள் ஒன்று. ஏறக்குறைய மூன்று வாரம். இலங்கையிலிருந்தும் பிள்ளைகள் சென்று வந்திருக்கின்றனர். பட்டப்படிப்பிற் சேர்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அங்கே தங்கவும் உண்ணவும் சுற்றவும் செலவில்லை. விமானக் கட்டணத்திலும் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது அதன் விதியாக இருந்து வந்திருக்கிறது. முதலில் நாமே கொடுத்துப் பின்னர் பெறும் ஏற்பாடாதலால் கொஞ்சம் கைப்பணம் வேண்டும். ஆனால் அது நான்கு இலட்சம் அல்ல. கண்டியிலோ கொழும்பிலோ உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் விசாரித்தால் அவ்வாண்டு விவரம் தெரியவரும். கூட்டமாக பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மாலை போட்டு, சொற்பொழிவு கேட்கவைக்கும் பிரயாணம்தான். சுதந்திரமாகத் திரிய நேரம் குறைவு. அதனாலென்ன? பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு பஸ் ஜன்னல் போதும்.

பார்க்கத் தெரிய வேண்டும் என்றேன். இதில் நம் ஊவாப் பிள்ளைகளுக்கு மற்றவர்க்கில்லாத ஒரு பயிற்சி இருக்கிறது. ஜூலை பிறந்தால் கச்சான் காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு வந்து வீசுகிறது. கொழுந்து குறைகிறது, மணம் ஏறுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தருவது அந்த இரண்டு மூன்று மாதங்களே. மேல்நாட்டு மாணாக்கர் விடுமுறையில் எல்லைக்கும் ஹப்புத்தளைக்கும் வந்து சேர்வதும் அதே மாதங்களில்தான். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்கின்றனர். அப்படியே கூடையுடன் நிற்கும் பெண்களையும் பிடிக்கின்றனர். நல்ல பிள்ளைகள்தாம், கேலி செய்ய நான் எழுதவில்லை. ஆனால் காற்றுக் காலத்தில் கொழுந்து நிறை குறைந்தால் பேர் அரைப்பேராகும் என்பது அந்தப் படத்தில் விழுவதில்லை. மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கும்போது அந்தத் தாயார் மனத்தில் ஓடும் கணக்கும் விழுவதில்லை. அன்பரின் மகள் இத்தனை நாளும் அந்தப் படத்துக்குள் நின்றவள். மூன்று நாளில் வந்து பார்த்துப் போகிறவருக்கு எவ்வளவு தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இன்னொரு நாட்டில் இறங்கும்போது, அவள் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பாள் என்று நம்புகிறேன். மூன்று வாரத்தில் அதைச் செய்ய முடியும்.

இனி அந்தத் தாயாரின் மறுப்புக்கு வருவோம். அதை வயதானவரின் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் இரண்டு அரசாங்கங்களும் மக்களை எண்ணிப் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். மலைநாட்டிலிருந்து கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்கள் கையிலும் கடவுச்சீட்டு இருந்தது. ஆனால் அது போவதற்கு மட்டுமே உதவியது. 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. தங்கையை அப்படி வழியனுப்பிய ஒருவருக்குப் பேத்தியின் கடவுச்சீட்டு எப்படித் தோன்றும்? திரும்பி வரும் நாளும் அச்சிட்ட விமானச் சீட்டை அவர் கையிற் கொடுத்து, மகளைக் கொண்டே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஐயா.

கடவுச்சீட்டு என்றவுடன் நினைவுக்கு வருகிறது. நம் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் வேறு எழுத்தில் வேறு பெயருமாக இருப்பவர் ஏராளம். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்து, போக வேண்டிய நாளும் கடந்துவிட்ட பிள்ளைகளை அறிவேன். மகள் எங்கும் விண்ணப்பிக்கும் முன்னரே பிரதேச செயலகத்துக்குச் சென்று அதைத் திருத்தும் வழியைக் கேட்டுக்கொள்ளட்டும். பிரயாணம் கிடைக்காவிட்டாலும் அந்தத் திருத்தம் வேலைக்கு உதவும், கலியாணத்துக்கும் உதவும்.

நீலகிரிக்கு அவள் போகும் வாய்ப்பு உண்டா என்று எனக்குள் ஓர் ஆசை. இலங்கையிலிருந்து சென்றவர்களைக் குடியமர்த்தவென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இந்தப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் இருக்கின்றனர். எந்த ஆண்டில் எந்த மாநிலத்துக்கு அழைத்துச் செல்வார்கள் என்பது நம் கையில் இல்லை. இருந்தாலும் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் தங்கையிடமிருந்து வந்த பழைய கடிதம் ஏதும் இருந்தால், அதிலுள்ள முகவரியை மகள் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.