காசு குடுத்து வேர்க்கிறது

"ஊரில சும்மா கிடைச்ச வெக்கைக்கு இங்க காசு குடுக்கிறியோ?" எண்டு கேக்காத சனமில்லை. கேக்கட்டும். பிக்ரம் யோகா அறையில 40 பாகைக்கு மேல வெக்கை, 90 நிமிசம், 26 பயிற்சி. ரெண்டு வேலை செய்யிற எங்கட ஆக்களுக்கு அந்த 90 நிமிசம் ஃபோன் அடிக்காமல் கிடைக்கிறதே பெரிய விசயம்.

ஆனால் "30 நாள் சவால்" எண்டு தொடங்காதேங்கோ. ரெண்டாம் கிழமையே பாய் கட்டிலுக்குக் கீழ போயிடும். கிழமைக்கு ரெண்டு நாள் காணும். ஷிப்ட் மாறினால் நாளை மாத்துங்கோ, எண்ணிக்கையைக் குறைக்காதேங்கோ.

வெக்கையில உடம்பு இளகி, ஏலாததையும் ஏலும் எண்டு காட்டும்; அங்கதான் தசைநார் இழுபடுறது. தலை சுத்தினால் கூச்சப்படாமல் பாயில இருங்கோ. பிரஷர் குளிசை போடுறவை முதல்ல டொக்டரைக் கேளுங்கோ. காசு முட்டான மாதம் வீட்டில செய்யலாம், ஹீற்றரைக் கூட்டாமல்.