சிவந்ததெல்லாம் ஒன்றன்று

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பர் பெரியோர். சிவந்த எண்ணெயெல்லாம் ஒன்றன்று என்பதை நாம் அண்மையிலேதான் கற்றோம். கற்பித்த செலவோ பிறருடையது.

நம் உறவினர் ஒருவர் நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். குடும்பத்தின் சோறு அவ்வண்டியிலேதான். தானாகக் கியர் மாறும் அவ்வண்டியில் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டு, கடையிற் கிடைத்த சிவப்பு எண்ணெயை ஊற்றலாமென யோசனை கூறியது நாமே. சில வாரங்களில், றம்பொடை ஏற்றத்திலே இயந்திரம் உறுமியதேயன்றி வண்டி ஏறவில்லை. கியர்ப் பெட்டியைத் திருத்த, பிள்ளைகளின் படிப்புக்கென வைத்திருந்த பணம் போயிற்று.

காரணம் யாது? இவ்வெண்ணெய் தேய்வைத் தடுப்பதோடு நிற்பதன்று. இயந்திரத்தின் வலுவைக் கடத்துவதும், வால்வுகளை இயக்குவதும், வெப்பத்தை அகற்றுவதும் அதுவே. எண்ணெயில் தோய்ந்த கிளச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பற்ற வேண்டும் என்பதும் அதன் தன்மையைப் பொறுத்ததே.

1949ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 'டைப் ஏ' என்னும் தரத்தை வகுத்தது. பின்னர் வழிகள் பிரிந்தன. 1960களின் பிற்பகுதியில் வந்த அந்நிறுவனத்தின் 'டெக்ஸ்ரோன்' தட்டுகளை மென்மையாகப் பற்றச் செய்தது. போர்ட் நிறுவனத்தின் 'டைப் எஃப்' இறுக்கமாகப் பற்றச் செய்தது. இரண்டும் சிவப்பே. அந்நிறம் ஒழுக்கை அடையாளங் காண இடும் சாயம் மாத்திரமே. இன்றோ 'டெக்ஸ்ரோன் 6', கிறைஸ்லரின் 'ஏ.ரி.எஃப். பிளஸ் 4', ரொயோட்டாவின் 'டபிள்யூ.எஸ்.' எனத் தரங்கள் பெருகியுள்ளன. ரொயோட்டாவிலேயே பழைய 'ரி-4' எண்ணெய்க்குப் பதிலாக 'டபிள்யூ.எஸ்.' எண்ணெயை ஊற்றலாகாது.

ஆகவே, வண்டியுடன் வந்த கைந்நூலைப் பார்த்து, அதிற் குறித்த பெயரை எழுதிக்கொண்டே கடைக்குச் செல்க. 'எல்லா வண்டிகளுக்கும் உகந்தது' என்ற போத்தலைக் கண்டு மயங்கற்க. அளவுகோல் இல்லாத வண்டிகளில், குறித்த வெப்பநிலையிலேயே அளவு பார்க்கவேண்டும்; அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நன்று. மேலும், கியர்ப் பெட்டியின் எண்ணெய் எரிந்து குறைவதன்று. குறைந்ததாயின் எங்கோ ஒழுகுகின்றது. முதலில் ஒழுக்கை அடைத்தல் வேண்டும்.

உறவினர் நம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே நம்மைச் சுடுகிறது. அறியாத காரியத்தில் 'அறியோம்' என்று சொல்லியிருந்தால், அப்பிள்ளைகளின் பணம் மிஞ்சியிருக்குமன்றோ!