ஒரு விரல் போதும்!

இப்போ நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியை ஒரே ஒரு விரலால தூக்க முடியுமா பாஸ்? முதல்ல எழுந்துட்டு ட்ரை பண்ணுங்க! முடியலையா? விடுங்க, டீக்கடை பிளாஸ்டிக் சேர்கூட பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டிடும். ஆனா, இத்தாலியில ஒரு மர நாற்காலி இருக்கு. எடை வெறும் 1.7 கிலோ! குழந்தைகூட ஒரு விரல்ல தூக்கிடும். பேரு, 'சூப்பர்லெஜ்ஜேரா'. இத்தாலிய மொழியில் 'லெஜ்ஜேரா' என்றால் லேசானது. முன்னாடி இருக்கிற சூப்பரை நீங்களே சேர்த்துக்குங்க.

தயாரிப்பு, கஸ்ஸினா. மிலன் நகரத்துக்கு வடக்கே பிரியான்சா என்று ஒரு வட்டாரம். மரச்சாமான் செய்வதில் தலைமுறை தலைமுறையாகப் பேர் வாங்கிய ஏரியா. அங்கே மேதா என்ற ஊரில் 1927-ல் சேஸரே, உம்பெர்த்தோ என்ற அண்ணன் தம்பி ஆரம்பித்த பட்டறை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மொத்த மொத்தமாக ஆர்டர் வர, பட்டறை கம்பெனியானது. அப்போதுதான் உள்ளே வந்தார் ஜியோ போன்டி. மிலன்காரர், ஆர்க்கிடெக்ட். 1928-லேயே 'தோமுஸ்' என்ற டிசைன் பத்திரிகையை ஆரம்பித்தவர். மிலனில் ஒல்லியாக நிற்கிற பிரெல்லி டவரும் இவர் டிசைன்தான்.

போன்டிக்கு ஒல்லி என்றால் அவ்வளவு பிரியம்! ஆனால், நாற்காலியை அவர் சூன்யத்தில் இருந்து கண்டுபிடிக்கவில்லை. ஜெனோவாவுக்குப் பக்கத்தில் கியாவரி என்று ஒரு கடலோர ஊர். (இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்துட்டு 'சியாவரி'ன்னு படிச்சிடாதீங்க!) காம்பனீனோ என்ற பட்டப்பெயர் கொண்ட தெஸ்கால்சி என்ற தச்சர், 1807-ல் அங்கே ஒரு நாற்காலி செய்தார். குச்சி குச்சியாகக் கால்கள், பின்னல் போட்ட இருக்கை. நம்ம ஊர் கல்யாண ரிசப்ஷன்களில் தங்கக் கலரில் வரிசை கட்டுகிற கம்பி நாற்காலிகளைப் பார்த்திருப்பீங்களே... அதெல்லாம் இதோட தூரத்துச் சொந்தம்தான்.

போன்டி அந்த நாற்காலியை எடுத்து, தேவையில்லாததை எல்லாம் கழிக்க ஆரம்பித்தார். 1950-களின் தொடக்கத்தில் 'லெஜ்ஜேரா' வந்தது. மனுஷனுக்கு அது பத்தவில்லை. இன்னும் இன்னும் சீவி, 1957-ல் சூப்பர்லெஜ்ஜேரா. அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல்!

மேட்டர் காலில்தான் இருக்கு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை... முக்கோணம்! பக்கம் வெறும் 18 மில்லிமீட்டர். ஏன் முக்கோணம்? மெக்கானிக்ஸ் கிளாஸில் தூங்காதவர்களுக்கு 'மொமன்ட் ஆஃப் இனர்ஷியா' ஞாபகம் இருக்கும். சமபக்க முக்கோணம் என்று வைத்துப் போட்டுப் பாருங்க. அதே அளவு மரத்தைச் சதுரக் காலாகச் செய்வதைவிட, முக்கோணக் கால் வளைவதற்குச் சுமார் 15 சதவிகிதம் அதிகமாக எதிர்த்து நிற்கும். வட்டத்தோடு ஒப்பிட்டால் சுமார் 21 சதவிகிதம். ஒரு கிராம் மரம்கூட எக்ஸ்ட்ரா இல்லாமல்!

அப்போ எல்லா நாற்காலிக்கும் முக்கோணக் கால் வைக்கலாமே? அங்கேதான் சிக்கல். முக்கோணத்தின் கூர்மையான மூலையில் அழுத்தம் போய்க் குவியும். வளைய மறுக்கிற கால், பட்டென்று முறிந்துவிடலாம். அதனால்தான் ஆஷ் மரம். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே மரம், அடி தாங்கும். அதிலும் நரம்பு காலின் நீளத்துக்கு நேராக ஓடணும். தடிமனான காலில் ஒரு கணு இருந்தால் யாருக்கும் தெரியாது, 18 மில்லிமீட்டர் காலில் இருந்தால் உட்கார்ந்தவர் தரையில்! அப்புறம், அவ்வளவு மெல்லிய காலில் துளை போட்டு, குறுக்குக் குச்சிகளைச் செருகணும். துளை லூஸானால் ஆடும், டைட்டானால் பிளக்கும். போன்டி பேப்பரில் போட்ட கோட்டை இந்த இடத்தில் காப்பாற்றியது கஸ்ஸினாவின் தச்சர்கள். டிசைன் புத்தகங்களில் போன்டிக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கு, இவங்களுக்கு ஒரு வரி கிடைச்சா பெருசு. எனக்கு இது நியாயமாப் படலை.

இருக்கை, கையால் பின்னிய பிரம்பு. இத்தாலியில் பிரம்புக்கு என்ன பேர் தெரியுமா? 'கன்னா டி இந்தியா'... இந்தியக் கழி!

கஸ்ஸினா அதற்கப்புறம் எங்கேயோ போய்விட்டது. சண்டிகர் நகரத்தை டிசைன் பண்ணின லெ கார்பூசியேவின் நாற்காலிகளைத் தயாரிக்கிற உரிமையை 1964-ல் வாங்கியது. 2005-ல் பொல்த்ரோனா ஃப்ராவ் கைக்குப் போனது. அந்தக் குழுமத்தையே 2014-ல் அமெரிக்காவின் ஹாவொர்த் வாங்கியது. முதலாளிகள் மாறினாலும் சூப்பர்லெஜ்ஜேரா மட்டும் கேட்டலாகில் இருந்து இறங்கவே இல்லை.

இந்த நாற்காலியை நாலாவது மாடியில் இருந்து தூக்கிப் போட்டு டெஸ்ட் பண்ணினார்கள், உடையாமல் பந்து மாதிரி துள்ளியது என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். உங்க ஹாஸ்டல் சேரை வெச்சு இதை ட்ரை பண்ணிடாதீங்க மக்கா... வார்டன் மெஸ் பில்லோட சேர்த்துடுவார்!