பசியும் நோன்பும்

இடைவெளி நோன்பு இன்று புதிய உணவுமுறையாகப் பேசப்படுகிறது. ரமலானில் நோன்பு நோற்றுப் பழகிய நமக்கு அது வியப்பன்று. முதற் சில நாள்களே கடினம். பழகிய உணவுவேளையில் எழும் பசி, சிறிது பொறுத்தால் தானே தணியும். 1999-இல் கண்டறியப்பட்ட கிரெலின் என்னும் சுரப்பு அவ்வேளையில் ஏறி இறங்குவது அதற்கொரு காரணம். ஆகவே தொடங்குவோர் இடைவெளியைப் படிப்படியாக நீட்டுதல் நன்று. நீரிழிவுக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஆயினும், மஞ்சக்குட்டைக் காப்பித் தோட்டத்தில் வெறும் வயிற்றோடு பழம் பறிப்பவர் ஒருவர் இருப்பினும், அவர் பசியை நோன்பு என்னலாகாது. விரும்பி ஏற்பது பயிற்சி. வேறு வழியின்றி ஏற்பது துயரம். நாம் தவிர்க்கும் ஒருவேளை உணவு அவர் கலத்தைச் சேரட்டும். சமயம் பாராது வழங்கப்படும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி நமக்குக் கற்பிப்பதும் அதுவே.