பொட்டி தட்டும் நேரம்: நம்பருக்குப் பின்னால யாரு?

மக்களே, வழக்கம்போல இந்த வாரமும் நான் பல்பு வாங்கின கதைதான்.

சனிக்கிழமை ராத்திரி. எங்க லேப் ஃபைல் சர்வர் ஆமை மாதிரி நகருது. திங்கக்கிழமை காட்ட வேண்டிய ரிசல்ட் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கு. சர்வர்ல நுழைஞ்சு பார்த்தா, ஒரே ஒரு ஐபி அட்ரஸ் மொத்தத்தையும் உறிஞ்சிக்கிட்டு இருக்கு. யாருடா அது? விண்டோஸ்ல "என்எஸ்லுக்அப்"னு அடிச்சு பக்கத்துல அந்த நம்பரைப் போட்டேன். (லினக்ஸ் ஆளுங்க "ஹோஸ்ட்"னு அடிச்சாப் போதும்.) பட்டுன்னு பேரு வந்துது. எதிர் சீட்டு வியட்நாம் நண்பனோட பொட்டி! வந்த கோபத்துல சூடா ஒரு மெயில் தட்டினேன். பேராசிரியருக்கும் ஒரு காப்பி.

திங்கக்கிழமை அவன் ஒண்ணும் பேசல. தன் பொட்டியில "ஐபிகான்ஃபிக்" அடிச்சுக் காட்டினான். வேற நம்பர்.

விஷயம் இதுதான். பேரைக் கொடுத்து நம்பர் வாங்குறது ஒரு பதிவு, நம்பரைக் கொடுத்து பேர் வாங்குறது இன்னொரு பதிவு. ரெண்டும் தனித்தனி. பின்னதுக்கு பிடிஆர்னு பேரு. 192.0.2.5-ஐ 5.2.0.192-னு தலைகீழாத் திருப்பி, வால்ல "இன்-அடர்.ஆர்ப்பா"ன்னு ஒட்டித் தேடும். 1987-ல வந்த ஆர்எஃப்சி 1035-லயே இது இருக்கு. அந்த நம்பரை நிர்வகிக்கிறவங்க எழுதி வச்சதுதான் வரும். எழுதலைன்னா ஒண்ணும் வராது. 8.8.8.8 போட்டுப் பாருங்க, "டிஎன்எஸ்.கூகுள்"னு சமர்த்தா வரும். எங்க லேப்லயோ டிஎச்சிபி நம்பரை மாத்தி மாத்திக் கொடுக்குது, பழைய பிடிஆரை யாரும் அழிக்கல. நண்பன் காலி பண்ணின வீட்டு வாசல்ல அவன் பேர்ப்பலகை அப்படியே தொங்கியிருக்கு!

வந்த பேரைத் திரும்ப என்எஸ்லுக்அப்ல கொடுத்து, அதே நம்பர் வருதான்னு பார்த்திருக்கணும். பல மெயில் சர்வருங்களே இந்தச் சோதனையைப் பண்ணுதுங்க. எனக்குத்தான் பத்து செகண்ட் பொறுமை இல்ல.

அப்போ அந்த நம்பர் யாருது? நெட்வொர்க் அட்மின் மேக் அட்ரஸை வச்சுத் தேடிக்கிட்டே நேரா என் மேஜைக்கு வந்து நின்னார். கீழ கேபிள் சொருகி வச்சிருந்த என்னோட பழைய லேப்டாப்! அக்கா கல்யாண வீடியோவை சர்வர்ல பேக்கப் எடுத்துக்கிட்டு இருந்திருக்கு.

மன்னிப்பு மெயிலையும் பேராசிரியருக்குக் காப்பி போட்டே அனுப்பினேன். நண்பன் இன்னும் "ஹாய்" சொல்றதோட சரி.