மொரிஸ் மைனரும் ஒரு கொப்பியும்



கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வெல்லவாயவை நோக்கிச் செல்லும் ஏ-4 வீதியில் ஹல்துமுல்லை இருக்கிறது. அதற்கு அப்பால் பெரகலைச் சந்தி. அங்கிருந்து ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிறது. ஒரு புறம் மலை, மறு புறம் பள்ளம், இடையிடையே மூடுபனி. ஒரு வாகனத்தின் உண்மையான நிலையை அறிய இதைவிடக் கடுமையான பரீட்சை வேண்டியதில்லை.

இத்தகைய பாதையில் அறுபது வயது மொரிஸ் மைனர் ஒன்று முக்கி முனகாமல் ஏறி வந்தால், "என்ன பளபளப்பு!" என்று எல்லோரும் வியக்கிறோம். இத்தனை காலம் அதைக் காப்பாற்றியது எது என்று கேட்பவர்கள் குறைவு.

மொரிஸ் மைனர் பணக்காரருக்காகச் செய்யப்பட்ட கார் அல்ல. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், குறைந்த பெற்றோலில் ஓடவேண்டும் என்பதே நோக்கம். 1948இல் இங்கிலாந்தில் அது வெளிவந்தது. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். மாதிரிக் கார் ஒடுங்கிப் போயிருப்பதாக அவருக்குப் பட்டது. அதை நடுவே நீளவாக்கில் அறுத்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. 1971இல் உற்பத்தி நின்றது.

நம் நாட்டில் அதன் ஆயுள் நீண்டதற்கு வேறு காரணமும் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி ஒடுக்கப்பட்டது. இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வாப்பாவின் கார் மகனுக்கு வந்தது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கராஜ் பாஸ்மார் தங்கள் கையால் செய்தார்கள். 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், இதே காருக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே எடுத்துச் சென்றார். காரைப் பெற்ற நாட்டுக்கே நம்மவரின் கைத்திறன் போனது என்றால், அது சிறிய விடயமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் அருமை பலருக்கு விளங்கியது.

ஆனால் பெயின்ட் அடித்து மினுக்குவது பராமரிப்பு ஆகாது. மொரிஸ் மைனருக்குத் தனிச் சேசி இல்லை, உடலே எலும்பு. மழையும் பனியும் உள்ள ஊரில் துரு கம்பளத்துக்கு அடியில், சில்லுக்கு மேலே, பின் ஸ்பிரிங் பொருத்தும் இடத்தில் ஒளிந்திருந்து தின்னும். வெளியே மினுங்கும், உள்ளே பொத்தல். நல்ல உரிமையாளர் முதலில் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அதைவிட முக்கியமானது பிரேக். அந்தக் காரின் நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக். பெரகலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆகவே ஏறும்போது போட்ட சிறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகளின் பாடம். இன்னொன்று: நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் ஒயில் தொடர்தான். ஓரிடத்தில் கசிந்தால் மிதிபிரேக் முழுவதும் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக் மட்டுமே. எனவே "பழைய கார்தானே, பிறகு பார்ப்போம்" என்ற பேச்சு வேண்டாம். பிள்ளைகள் பின் சீற்றில் உட்காரும் கார் அது.

இவையெல்லாம் ஆண்கள் விடயம் என்று எண்ணுகிறீர்களா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரேச்சல் வீச் என்ற பெண்மணி 1964இல் ஒரு மர்க்கியூரி கொமெட் கார் வாங்கினார். அதுவும் அந்த நாட்டுக் கணக்கில் சிறிய கார்தான். 2012இல், தமது 93ஆவது வயதில், பார்வை மங்கியதால் ஓட்டுவதை நிறுத்தினார். அதற்குள் அது ஓடிய தூரம் ஏறத்தாழ 5 இலட்சத்து 76 ஆயிரம் மைல்! அவர் பெரிய மெக்கானிக் அல்ல. வேளை தவறாமல் ஒயில் மாற்றினார். செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். ஆயுட்கால உத்தரவாதம் தந்த கடைகளின் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, பற்றரியும் சைலன்சரும் பழுதான போதெல்லாம் மாற்றி வாங்கினார்.

நம் வீடுகளில் குறைவது இந்த எழுத்துத்தான். எந்த பாஸிடம் எந்த வேலை செய்தது, பிரேக் ஒயில் எப்போது மாற்றியது, எங்கே பாகம் கிடைத்தது என்பதெல்லாம் வாப்பாவின் தலையில் மட்டும் இருக்கும். அவர் மௌத்தானால் கார் ஊமையாகிவிடும். பிள்ளைகளுக்கு அதன் குணமும் தெரியாது, பெறுமதியும் தெரியாது. முதலில் வந்த தரகர் சொல்வதே விலை.

இன்னும் ஒன்று. உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "ஓபன் பேப்பர்" என்று சொல்லிப் பெயர் மாற்றாமலே பல வருடம் ஓட்டும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. விற்றவர் மறைந்த பிறகு அலைவது யார்? பெரும்பாலும் வாங்கியவரின் மனைவிதான். கணவர் விட்டுச் செல்லும் சொத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. காரும் சொத்துத்தான்.

ஆகவே சகோதரிகளே, வீட்டில் பழைய கார் இருந்தால் இந்த வாரமே ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். கணவரையோ வாப்பாவையோ பக்கத்தில் இருத்தி, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். கார் இல்லாத வீட்டில் தையல் மெஷின் இருக்கும், தண்ணீர் மோட்டார் இருக்கும். அவற்றுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். கையில் உள்ள பொருள் அமானிதம். அதைப் பேணும் வழியையும் சேர்த்துத்தான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.